போனில தமிழ் வடிவாத் தெரியுது, கூகிளில தேடினால் வருகுதில்லை. உதவுங்கோ

கைதடிப் பனை:
வணக்கம். அம்மாவும் மாமியும் வீட்டில பனையில இருந்து ஒடியல், ஒடியல் மா, புழுக்கொடியல், பனாட்டு, பனங்கட்டி செய்து விக்கினம். போன வருசம் ஒருத்தரிட்டக் காசு குடுத்து வெப்சைட் செய்விச்சம். முகப்பும் சாமானுக்கு ஒரு பக்கமுமா 6 பக்கம். பாக்க நல்ல வடிவு. ஆனால் நாங்கள் லிங்க் அனுப்பின ஆக்களைத் தவிர ஒருத்தரும் வாறேல்லை. "ஒடியல் மா" எண்டு தேடிக் கடைசிமட்டும் பாத்தும் எங்கட பக்கம் இல்லை. பேஸ்புக் விளம்பரம் போட்ட கிழமை கொஞ்சப்பேர் வந்து, வந்த உடன திரும்பிப் போட்டினம். இன்னொண்டு, வட்ஸ்அப்பில லிங்கை அனுப்பினால் கீழ வாற விளக்கத்தில ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக் கிடக்கு. செய்து தந்தவர் வடிவமைப்பை மாத்தவேணும் எண்டு திரும்பவும் காசு கேக்கிறார். குடுக்கவோ?

கொக்குவில்:
பொறுங்கோ, குடுக்காதேங்கோ. உங்கட பக்கத்தில ஒரு பந்தியைக் கொப்பி பண்ணி வட்ஸ்அப்பில ஒட்டிப் பாருங்கோ. தமிழாத்தான் வருகுதோ?

கைதடிப் பனை:
இல்லை அண்ணை! முழுக்க ஆங்கில எழுத்து. ஒண்டும் விளங்கேல்லை.

கொக்குவில்:
அப்ப அது பாமினி. ஆங்கில எழுத்துகளின்ர இடத்தில தமிழ் வடிவங்களை வைச்சுச் செய்த எழுத்துரு. எங்கட அச்சகங்களில கலியாணக் காட், நோட்டீஸ் எல்லாம் கனகாலமா அதிலதான் அடிக்கிறவை. கடதாசிக்கு அது காணும். வெப்சைட்டில எழுத்துருவையும் சேர்த்து ஏத்தினபடியால் உங்கட கண்ணுக்குத் தமிழ். கூகிள் அடியில கிடக்கிற எழுத்தைத்தான் வாசிக்கும், அங்க "ஒடியல்" எண்ட சொல்லே இல்லை.

பாமினியை யூனிகோட் (கூகிளும் போனும் தமிழ் எண்டே வாசிக்கிற எழுத்துமுறை) ஆக்கிற மாற்றிகள் இணையத்தில இலவசமா இருக்கு. மாத்தினபிறகு ஒருக்கா முழுக்க வாசியுங்கோ. இடையில உண்மையான ஆங்கிலச் சொல் இருந்தால் அதுவும் தமிழ் மாதிரிக் குழம்பிப்போகும். பக்கத் தலைப்பையும் பாருங்கோ, 6 பக்கத்துக்கும் "முகப்பு" எண்டு இருந்தால் தனித்தனியா மாத்துங்கோ. விலையைப் படத்துக்குள்ள எழுதி வைச்சிருந்தால் எழுத்தாப் போடுங்கோ. முடிச்சிட்டு கூகிள் சேர்ச் கொன்சோலில (தளம் வைச்சிருக்கிற ஆக்களுக்குக் கூகிள் தாற கருவி) தளத்தைப் பதிஞ்சு, ஒவ்வொரு பக்கத்தையும் திரும்பப் பாக்கச் சொல்லிக் கேளுங்கோ. அதுக்குக் காசில்லை.

திருநெல்வேலி:
சுகமான வழி இருக்கு. "ஒடியல்" எண்டு 50 தரம் வெள்ளை எழுத்தில அடியில ஒளிச்சு வையுங்கோ, மேல வரும்.

கொக்குவில்:
தயவுசெய்து செய்யாதேங்கோ. ஒளிச்ச எழுத்தையும் சொல்லைத் திணிக்கிறதையும் கூகிள் ஏமாத்து வேலையாத்தான் எடுக்கும். முழுத் தளத்தையுமே தேடலில இருந்து தூக்கலாம்.

ரொறன்ரோ:
நான் வாங்கிற ஆளாச் சொல்லுறன். நீங்கள் விளம்பரம் போட்ட கிழமை நானும் வந்து போனனான். முதல் படம் இறங்கவே கனநேரம். கமராவில எடுத்ததை அப்பிடியே ஏத்தாமல் சின்னனாக்கிப் போடுங்கோ. பிறகு வாசிச்சால் "பனை ஒரு கற்பகதரு" எண்டு மூண்டு பந்தி. அது எல்லாருக்கும் தெரியும். எனக்குத் தெரியவேண்டினது வேற. ஒடியலுக்கும் புழுக்கொடியலுக்கும் என்ன வித்தியாசம்? பனங்கிழங்கைப் பச்சையாக் கிழிச்சுக் காயவிட்டது எது, அவிச்சுக் காயவிட்டது எது எண்டு இஞ்ச பிறந்த பிள்ளையளுக்குத் தெரியாது. ஒடியல் மாவைத் தண்ணியில ஊறவிட்டு வடிச்சுக் கசப்பெடுக்கிறதை அம்மா எப்பிடிச் செய்யிறவ? கூழுக்கு எவ்வளவு மா? இதுகளை அம்மா சொல்லுற மாதிரியே எழுதுங்கோ, தங்கச்சி. நான் கடைசி வரி வரைக்கும் வாசிப்பன், வாங்கவும் செய்வன். பனாட்டைப் பினாட்டு எண்டும் சொல்லுவினம், ரெண்டும் ஒரு இடத்திலயாவது வரட்டும். பிள்ளையள் ஆங்கில எழுத்திலதான் தேடுவினம், அதையும் ஒருக்காப் போடுங்கோ. விலையும் போன் நம்பரும் மேலயே இருக்கவேணும்.

கைதடிப் பனை:
அண்ணை, அக்கா, ரெண்டுபேருக்கும் பெரிய நன்றி. முதல்ல ஒடியல் மா பக்கத்தை மட்டும் மாத்தினன். அம்மா அடுப்படியில கதைச்சதைப் போனில பதிஞ்சு அப்பிடியே எழுதினது. கற்பகதருவைத் தூக்கியாச்சு. இப்ப லிங்க் அனுப்பினால் விளக்கம் தமிழில வருது. பன்ரெண்டாம் நாள் சேர்ச் கொன்சோலில முதல் ஆள் வந்திருக்கு. தேடின சொல் "ஒடியல் மா கசப்பு". அம்மாவுக்குக் காட்டினன். புழுக்கொடியலுக்கு இண்டைக்கு இரவு இருந்து சொல்லுறன் எண்டவ.