வுட் பேட்ஜ் மணி, கில்வெல் ஸ்கார்ஃப்: வாராந்திரக் கூட்டத்துக்கு எதைப் போடுவது?

கேள்வி: குருளையர் தலைவி

எல்லோருக்கும் வணக்கம். சாரணர் குழுவொன்றில் சிறு பிள்ளைகளுக்கான குருளையர் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். பிள்ளைகள் என்னை அகேலா என்று கூப்பிடுவார்கள். சாரணர் தலைவர்களுக்கான வுட் பேட்ஜ் பயிற்சியின் எல்லா நிலைகளையும் முடித்தாயிற்று. மர மணி இரண்டு கோத்த தோல் கயிறு, கில்வெல் ஸ்கார்ஃப், ஸ்கார்ஃபைக் கழுத்தில் கோக்கும் தோல் வாகிள், சான்றிதழ் எல்லாவற்றையும் மாவட்டத் தலைவர்கள் கூட்டத்தில் வைத்துக் கொடுத்தார்கள். அன்றைக்குப் போட்டதோடு சரி, மடித்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

வாராவாரம் பிள்ளைகளோடு கூடும்போது இவற்றில் எதைப் போடுவது என்பதுதான் என் சந்தேகம். எங்கள் குழுவின் ஸ்கார்ஃப் நீலமும் மஞ்சளும். அதைக் கழற்றிவிட்டு கில்வெல் ஸ்கார்ஃப் கட்டலாமா? எனக்குத் தெரிந்த மூத்த தலைவர் ஒருவர் இரண்டு ஸ்கார்ஃபையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டுவார். போன முகாம்களின் துணி பேட்ஜ் எல்லாம் சட்டையில் வரிசையாக இருக்கும். இன்னொருவர் எதையுமே போட மாட்டார். பிள்ளைகளுக்காக வந்தோம், அடையாளத்துக்காக இல்லை என்பது அவர் கருத்து. இருவரிடமும் நிறையக் கற்றிருக்கிறேன், அதனால்தான் குழப்பம்.

புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளின் உறுதிமொழி விழாவும் வருகிறது. அன்றைக்கு எப்படி நிற்பது?

பதில் 1: முகாம்வாசி

வாழ்த்துகள் அக்கா! வேலையையும் வீட்டையும் பார்த்துக்கொண்டே முடித்திருக்கிறீர்கள். எல்லாவற்றையும் போடுங்கள், எப்போதும் போடுங்கள். உழைத்து வாங்கியதைப் பெட்டியில் வைப்பானேன்?

பதில் 2: பயிற்சிக் குழுவில் இருப்பவன்

சகோதரி, மனமார்ந்த வாழ்த்துகள். தலைவர் பயிற்சி முகாம்களில் நெடுநாளாக இருக்கிறேன். முகாம் முடிகிற ஒவ்வொரு முறையும் யாராவது இதைக் கேட்பார்கள். என் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மணியையும் ஸ்கார்ஃபையும் ஒரே பொருளின் இரண்டு பாகமாகப் பார்ப்பதால்தான் குழப்பமே வருகிறது. விருது என்பது மணி. ஸ்கார்ஃப் விருது இல்லை, அது ஒரு குழுவின் ஸ்கார்ஃப். கில்வெல் பார்க் என்பது இங்கிலாந்தில் உள்ள சாரணர் பயிற்சி இடம். வுட் பேட்ஜ் முடித்தவர்கள் முதலாம் கில்வெல் பார்க் சாரணர் குழுவின் உறுப்பினர்களாகக் கருதப்படுகிறார்கள். எந்த நாட்டுச் சாரணர் தலைவராக இருந்தாலும் சரி. உங்கள் குழுவுக்கு நீலமும் மஞ்சளும் எப்படியோ, அந்தக் குழுவுக்கு அந்தச் சாம்பல் நிறத் துணி.

அதன் பின்முனையில் கட்டம்போட்ட ஒரு சிறு துண்டு தைத்திருக்கும், பார்த்திருப்பீர்கள். அது ஸ்காட்லாந்தின் மக்லாரன் குடிக்கு உரிய கட்டத் துணி, டார்டன் என்பார்கள். ஸ்காட்லாந்தில் சாரணர் மாவட்ட ஆணையராக இருந்த டபிள்யூ. டி போயிஸ் மக்லாரன் கொடுத்த பணத்தில்தான் 1919இல் கில்வெல் பார்க் வாங்கப்பட்டது. அந்த நன்றிக்காக, ஆரம்பத்தில் முழு ஸ்கார்ஃபையும் அந்த டார்டனிலேயே தைத்தார்கள். செலவு கட்டுப்படியாகவில்லை. அதனால் சாதாரணத் துணிக்கு மாறி, டார்டனை ஒரு துண்டாக மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். வாராந்திரக் கூட்டத்தில் நீங்கள் உங்கள் குழுவின் அகேலா. அங்கே இன்னொரு குழுவின் ஸ்கார்ஃபோடு போய் நின்றால், பிள்ளைகள் கழுத்தில் இருப்பது உங்கள் கழுத்தில் இருக்காது. நீலமும் மஞ்சளும் கட்டுங்கள், அதன்மேல் மணியைப் போடுங்கள். பயிற்சி முகாம், வுட் பேட்ஜ் பெற்றவர்கள் கூடும் நாள், தலைவர்களுக்கு மட்டுமான நிகழ்ச்சி ஆகியவற்றுக்கு கில்வெல் ஸ்கார்ஃபை எடுங்கள். இரண்டு ஸ்கார்ஃபையும் ஒன்றாகக் கட்டுவது எனக்கு உடன்பாடில்லை. ஒரு நேரத்தில் ஒரு குழுவின் ஆளாகத்தான் நிற்க முடியும்.

உறுதிமொழி விழாவில் இது இன்னும் முக்கியம். அன்றைக்கு ஒரு பிள்ளையின் கழுத்தில் குழுவின் ஸ்கார்ஃபை அணிவிக்கப் போகிறவர் நீங்கள். "இனி நீ எங்களில் ஒருத்தி" என்று சொல்லும்போது அதே ஸ்கார்ஃப் உங்களிடமும் இருக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

எதையும் போடாத அந்த நண்பரின் மனசு நல்ல மனசு. ஆனாலும் அவர் வழியை நான் ஏற்கமாட்டேன். முடிச்சு போடக் கற்றதற்கும், முதலுதவி கற்றதற்கும், கூடாரம் அடிக்கக் கற்றதற்கும் பிள்ளைகளுக்கு பேட்ஜ் கொடுத்து, சட்டையில் தைத்து வரச்சொல்கிறோம். பெரியவர்கள் தாங்கள் கற்றதை மறைத்து வைத்தால், கற்பது சிறுவர்களுக்கான வேலை என்றுதான் பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள். அகேலாவும் காட்டில் கூடாரம் அடித்து, திட்டம் எழுதி, பிறர் திருத்தச் சொன்னதைத் திருத்தி, அதன் பிறகே இந்த மணியை வாங்கினார் என்று அவர்களுக்குத் தெரியட்டும். முகாமுக்குத் தன் பிள்ளையை அனுப்பும் பெற்றோருக்கும் அது ஒரு தைரியம்.

மணியின் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 1919 செப்டம்பரில் கில்வெல்லில் நடந்த முதல் பயிற்சியை முடித்தவர்களுக்கு என்ன கொடுப்பது என்று சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் யோசித்தபோது, அவரிடம் ஒரு நீண்ட மர மணி மாலை இருந்தது. ஜூலு அரசர் தினுஸுலுவின் மாலை. 1888இல் ஜூலு நாட்டில் படைப்பணியில் இருந்தபோது அவர் கைக்கு வந்தது. அந்த மணிகளை எடுத்துத்தான் முதல் வுட் பேட்ஜ்களைச் செய்தார். ஆரம்பத்தில் தொப்பியில் அணிந்தார்கள், விரைவிலேயே கழுத்துக்கு மாறியது. போர் நடந்த காலத்தில் ஒரு அரசரிடமிருந்து வந்த மாலை இது என்பதைச் சொல்லாமல் விடாதீர்கள். யாருடையது என்று தெரிந்து அணிவதுதான் மரியாதை.

பதில் 3: கயிறும் கட்டையும்

மேலே சொன்னதை அப்படியே ஏற்கிறேன். செய்முறை பற்றி இரண்டு வார்த்தை சேர்க்கிறேன். கோடரி, ரம்பம் எடுக்கும்போதும், கழிகளைக் கட்டி மேடை எழுப்பும்போதும் மணியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுவிடுங்கள். கழுத்தில் தொங்கும் தோல் கயிறு எதில் வேண்டுமானாலும் மாட்டும். சமையல் நெருப்பின் மேல் குனியும்போதும் அப்படியே. தோல் கயிறு மழையில் நனைந்தால் சாயம் இறங்கி ஸ்கார்ஃபில் கறை படியும், அதனால் நிழலில் காயவைத்துவிட்டுப் போடுங்கள்.

முகாம் பேட்ஜ்கள் பற்றி ஒரு வார்த்தை. ஒரு முகாமில் கலந்துகொண்டதற்கான துணி பேட்ஜ் வேறு, பயிற்சியை முடித்ததற்கான அடையாளம் வேறு. முதலாவது நினைவுப்பொருள். அதைப் போர்வையில் தைக்கலாம், முகாம் நெருப்பைச் சுற்றி உட்காரும்போது போர்த்திக்கொள்ளலாம். பல நாடுகளில் சாரணர்கள் செய்வதுதான் இது. சட்டையில் விதி சொல்லும் இடத்தில், விதி சொல்லும் அளவுக்கு மட்டும் இருந்தால் போதும்.

கேள்வி கேட்டவர்:

மிக்க நன்றி. ஐயா சொன்ன பிறகுதான் அது ஒரு குழுவின் ஸ்கார்ஃப் என்பதே உறைத்தது. இன்னும் இரண்டு கேள்வி. எனக்குப் பயிற்சி கொடுத்த ஒருவர் நான்கு மணி போட்டிருந்தார், அது இதைவிட உயர்ந்த விருதா? அப்புறம், அமெரிக்காவில் சாரணர் தலைவராக இருக்கும் என் தோழியின் படத்தில் மணி இல்லை. இடது பாக்கெட்டுக்கு மேல் முடிச்சு வடிவத்தில் சிறுசிறு துணிப் பட்டைகள் தைத்திருக்கின்றன. அவளுக்குப் பயிற்சி இல்லை என்று அர்த்தமா?

பதில் 4: பயிற்சிக் குழுவில் இருப்பவன்

நான்கு மணி உயர்ந்த விருது இல்லை, வேறு பொறுப்பு. வழக்கமாக வுட் பேட்ஜ் முடித்தவருக்கு இரண்டு, உதவிப் பயிற்சியாளருக்கு மூன்று, பயிற்சியாளருக்கு நான்கு. மற்ற தலைவர்களைப் பயிற்றுவிக்கும் வேலைக்கு ஒருவரை அமர்த்தியிருக்கிறார்கள் என்பதையே அந்தக் கூடுதல் மணி காட்டும். பிள்ளைகளோடு வேலை செய்யும் திறமையில் நான்கு மணிக்காரரைவிட இரண்டு மணிக்காரர் எத்தனையோ முறை மேலாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். குருளையர் விளையாட்டுகளில் எனக்குச் சந்தேகம் வந்தால் இரண்டு மணி போட்ட ஒரு அகேலாவைத்தான் கேட்பேன்.

உங்கள் தோழி விஷயம். அமெரிக்க அமைப்பில் பெரியவர்கள் வாங்கும் பல விருதுகளுக்குச் சீருடையில் தைக்க முடிச்சுப் படம் போட்ட துணிப் பட்டை உண்டு. தலைவர் பயிற்சி விருதுக்குப் பச்சை முடிச்சு. பச்சையும் வெள்ளையும் பின்னியிருந்தால் அது ஸ்கவுட்டர்ஸ் கீ என்ற விருது, பயிற்சியோடு பணியையும் பார்த்துக் கொடுப்பது. பதவிக்கான பயிற்சியை முடித்தவர்கள் 'பயிற்சி பெற்றவர்' என்ற சிறு பட்டையை இடது கையில் பதவி பேட்ஜோடு தைத்துக்கொள்வார்கள். வுட் பேட்ஜ் அங்கேயும் உண்டு, மணியும் உண்டு. ஆகவே மணி இல்லாததை வைத்து எதையும் முடிவுசெய்ய வேண்டாம், பாக்கெட்டுக்கு மேல் பச்சை இருக்கிறதா என்று பாருங்கள்.

அந்தப் பட்டைகளைப் பார்த்து ஆசைப்பட்டு இங்கே யாரும் தைத்துக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு அமைப்புக்கும் சீருடை விதி தனி. உங்கள் அமைப்பின் விதிப் புத்தகத்தில் சீருடைப் பகுதியை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். நான் சொன்னதற்கு மாறாக அதில் ஏதாவது இருந்தால் புத்தகத்தின்படியே செய்யுங்கள். மணியை மட்டும் இந்த வாரக் கூட்டத்திலேயே போட்டுக்கொண்டு போங்கள்.