மூணு மாத்திரை போட்டும் அப்பாவுக்கு பிபி இறங்கல, என்ன பண்றது?

அப்பாவுக்கு 61 வயசு. டெல்மிசார்டன் 80, அம்லோடிபின் 10, குளோர்தாலிடோன் 12.5, மூணும் ஒரு வருஷமா போடுறாரு, ஆனா வீட்ல எப்ப எடுத்தாலும் 165/100க்கு கீழ வர்றதே இல்ல. நாலாவதா ஒண்ணு சேர்க்கலாம்னு டாக்டர் சொல்றாரு, இவரு "இனி சோறே வேணாம், மாத்திரையே போதும்"னு கடுப்பாகுறாரு. கிட்னி டெஸ்ட்டான கிரியேட்டினின் நார்மல், ரத்தத்துல பொட்டாசியம் மட்டும் கம்மி, 3.2. யாருக்காச்சும் இப்படி இருந்திருக்கா?

மாமனார் வீட்டு மாப்ள:
முதல்ல கையில சுத்துற பட்டையப் பாருங்க. எங்க மாமனாருக்கு கை நல்ல பருமன், சின்னப் பட்டையில 170 காட்டும், பெரிய சைஸ் வாங்கி அஞ்சு நிமிஷம் பேசாம உக்கார வச்சு எடுத்தா 150தான். அப்புறம் மாத்திரை அட்டையையும் எண்ணிப் பாருங்க, எங்களுக்குப் பாதி தலகாணி உறைக்குள்ள கிடைச்சுது. 24 மணி நேரம் கையில கட்டி விடுற மெஷின் இருக்கு, அதுல உண்மை தெரிஞ்சிடும்.

திண்டுக்கல் அக்கா:
மூட்டு வலிக்கு டைக்ளோஃபினாக் போடுறாரா? அது உடம்புல உப்பையும் தண்ணியையும் தேக்கி வச்சிடும், பிபி மாத்திரை என்னதான் பண்ணும். இருமலுக்கு அதிமதுரம் மென்னாலும் பிபி ஏறும், பொட்டாசியமும் இறங்கும். குறட்டை உண்டா? தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வந்தாலும் பிபி அடங்காது.

ஓய்வு மருத்துவர்:
அந்த 3.2தான் எனக்கு உறுத்துது. குளோர்தாலிடோனும் குறைக்கும்தான், ஆனா பழிய அது மேலயே போட்டு விட்டுடக் கூடாது. கிட்னி மேல இருக்குற அட்ரினல் சுரப்பி, உப்பைத் தேக்கி பொட்டாசியத்தை வெளியேத்துற ஆல்டோஸ்டிரோன் ஹார்மோனை அதிகமா சுரந்தாலும் இப்படித்தான் வரும், ஆல்டோஸ்டிரோன்-ரெனின் ரேஷியோன்னு ரத்த டெஸ்ட் இருக்கு, கேட்டு எடுங்க. அந்த ஆல்டோஸ்டிரோனைத் தடுக்கற ஸ்பைரனோலாக்டோன் மாத்திரையை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எடுத்துடுங்க, இல்லன்னா வழக்கமா நாலு வாரம் அதை நிறுத்திட்டு எடுக்கச் சொல்வாங்க. ஒரு பக்கம் மட்டும் கட்டின்னா ஆபரேஷன்லயே சரியாகலாம். டெஸ்ட்ல ஒண்ணும் இல்லன்னாலும் நாலாவது மாத்திரையா பெரும்பாலும் ஸ்பைரனோலாக்டோன்தான் வரும், 2015ல வந்த பாத்வே-2 ஆய்வுல பிசோப்ரோலால், டாக்சசோசின்ங்கற வேற ரெண்டு பிபி மாத்திரையையும் விட அதுதான் பிபியை நல்லா இறக்குச்சு. டெல்மிசார்டனோட சேர்ந்தா பொட்டாசியம் எகிறும், அதனால சில வாரத்துலயே ரத்தம் பார்த்தே ஆகணும். அதுனால ஆம்பளைங்களுக்கு மார்பு வீங்கி வலிச்சா, அதே வகை மாத்திரையான எப்லெரினோனுக்கு மாத்துவாங்க. எதையும் நீங்களா நிறுத்தாதீங்க.

கேட்டவர்:
வண்டிச் சாவி போடுற டப்பாவுல டைக்ளோ அட்டை ரெண்டு இருந்துச்சு, "அது வலி மாத்திரைதானம்மா"ங்கறாரு. திங்கக்கிழமை ரத்த டெஸ்ட் பத்தி டாக்டர்கிட்ட கேக்கறோம். குறட்டை பத்தி அம்மாகிட்ட கேக்கவே வேணாம், அவங்க ரெண்டு வருஷமா ஹால்லதான் படுக்கறாங்க.