வேலையை விட்டுவிட்டேன், அடுத்த இடமும் இதே மாதிரி இருந்தால்?

நிலா:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் ஷிப்ட் லீடராக இருந்தேன். என் டீமில் யாராவது ஓர் அழைப்பை நீட்டினால் உடனே எனக்குப் போன் வரும், நான் தூங்கிக்கொண்டிருந்தாலும். லீவு எடுத்தால் லேப்டாப்போடுதான் லீவு. ராஜினாமா செய்து நோட்டீஸ் காலமும் முடிந்துவிட்டது. இப்போது ஓரிடத்தில் உடனே வந்து சேரச் சொல்கிறார்கள். அதே வேலை, கொஞ்சம் கூடுதல் சம்பளம். வீட்டில் "யோசிக்காம சேரு" என்கிறார்கள். எனக்கு உள்ளே உதறுகிறது. ஓர் இடம் எப்படிப்பட்டது என்று சேருவதற்கு முன்னாலேயே தெரிந்துகொள்ள வழி உண்டா? "பழைய வேலையை ஏன் விட்டீர்கள்?" என்று கேட்டால் என்ன சொல்வது?

கணக்கர்:
நிலா, விட்டது சரிதான். அதில் சந்தேகமே வேண்டாம்.

நான் கணக்குப் பிரிவில் இருப்பவன். முந்தைய நிறுவனத்தில் மாதக் கடைசி வந்தாலே வயிற்றைப் பிசையும். இப்போது இருக்கும் இடத்திலும் மாதக் கடைசி உண்டு. வவுச்சர்கள் குறையவில்லை, சொல்லப்போனால் கூடுதல். ஆனாலும் நிம்மதியாகத் தூங்குகிறேன். எந்தக் கணக்கை முதலில் முடிப்பது, எதை மறுநாளைக்குத் தள்ளுவது என்று இங்கே நான் தீர்மானிக்கிறேன். அங்கே மணிக்கொரு தடவை வரிசையை மாற்றுவார்கள், தாமதம் மட்டும் என் பெயரில் விழும். ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் 1979-ல் எழுதியது இதைத்தான்: வேலையும் அதிகம், அதை எப்படிச் செய்வது என்பதில் நம் பேச்சுக்கும் இடமில்லை, இரண்டும் சேரும்போதுதான் மன அழுத்தம் உச்சத்துக்குப் போகிறது. அதனால் "என் பேச்சு எடுபடுமா?" என்பதை முதலில் பாருங்கள்.

அதற்காக நேரத்தைக் கணக்கில் எடுக்காமல் விடவும் கூடாது. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து சுமார் 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார அமைப்பும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் சொன்னார்கள்.

நேர்காணலில் நான் தவறாமல் கேட்ட கேள்வி: "நான் லீவில் போனால் என் வேலையை யார் பார்ப்பார்கள்?" ஓரிடத்தில் "அதெல்லாம் அப்போ பாத்துக்கலாம்" என்றார்கள். இப்போதைய மேலாளர் ஒருவரின் பெயரைச் சொன்னதோடு, அவரையே அறைக்குக் கூப்பிட்டு அறிமுகம் செய்துவைத்தார். அந்த நொடியே என் மனசில் பாரம் இறங்கிவிட்டது. உங்களுக்கு முன் அந்த இருக்கையில் இருந்தவர் இப்போது எங்கே என்றும் கேளுங்கள். பதவி உயர்ந்து உள்ளேயே இருக்கிறார் என்றால் நல்ல அறிகுறி.

ஏன் விட்டீர்கள் என்றால் பழைய மேலாளரைத் திட்டவும் வேண்டாம், பொய்யும் வேண்டாம். "ஷிப்ட் முடிந்த பிறகும் பொறுப்பு முடியாத இடம் அது. ஷிப்டுக்குள் முழுப் பொறுப்பும் எடுத்துக்கொள்கிறேன், முடிந்ததும் இன்னொருவரிடம் ஒப்படைக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்களிடம் வேலை கிடைக்காமல் போவதே நல்லது.

வைகறை:
கையிருப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். கடன் தவணை நெருக்கினால் கிடைத்ததில் சேர்ந்துகொண்டே தேடலாம், நான் அப்படித்தான் மாறினேன். பழைய இடத்தில் அனுபவச் சான்றையும் பாக்கிச் சம்பளத்தையும் மின்னஞ்சலில் கேட்டு வாங்கிவிடுங்கள். புதிய இடத்தின் ஷிப்ட் நேரம் ஆஃபர் கடிதத்திலேயே இருக்கட்டும். ஆள் மாறினால் வாய்ச்சொல் நிற்காது.

நிலா:
இன்று அங்கே லீவு கேள்வியைக் கேட்டேன், அண்ணா. "லீடர்னா எப்பவும் ஆன்லைன்ல இருக்கணும்ல" என்றார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சில மாதங்களுக்குச் சேமிப்பு தாங்கும். ஆனால் இப்போது இன்னொரு பயம். எனக்குத்தான் திறமை போதவில்லையோ?

கணக்கர்:
வேலையில் தொடரும் மன அழுத்தத்தைச் சரியாகக் கையாளாதபோது வருவது பர்ன்அவுட் என்று உலக சுகாதார அமைப்பு 2019-ல் விளக்கியது. அதற்கு அவர்கள் சொல்லும் அடையாளங்கள் மூன்று: உடம்பிலும் மனதிலும் தெம்பில்லாமல் போவது, வேலையில் மனம் ஒட்டாமல் போவது, நான் எதையும் உருப்படியாகச் செய்யவில்லை என்ற எண்ணம். உங்களுக்கு இப்போது வருவது அந்த மூன்றாவதுபோலத்தான் எனக்குப் படுகிறது. அதை வைத்து உங்கள் திறமையை எடை போடாதீர்கள்.

புது இடத்தில் சேர்ந்த பிறகும் கொஞ்ச காலம் ராத்திரியில் போன் அதிர்ந்தால் திடுக்கிட்டு எழுவேன். அது மெதுவாகத்தான் போகும். தூக்கமே வராத அளவுக்குப் போனால் மருத்துவரைப் பாருங்கள், தள்ளிப் போடாதீர்கள்.

அப்புறம், உங்கள் டீமில் நீங்கள் பழக்கி ஆளாக்கியவர்கள் இருப்பார்களே, அவர்களுக்கு என்ன கற்றுக்கொடுத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அதை வைத்துப் பயிற்சியாளர் வேலைகளுக்கும் விண்ணப்பியுங்கள். அடுத்த நேர்காணல் எப்படிப் போனது என்று இங்கே வந்து சொல்லுங்கள், காத்திருக்கிறேன்.