ஆட்டோமேஷன் என் கையைக் கடித்த கதை, உங்க கதையையும் சொல்லுங்க

கும்பகோணத்திலிருந்து:

போன மாசியில் நடந்தது. சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கிற மல்லாரி, கம்பீரநாட்டை ராகம், 14 நிமிஷம். எங்க மாடி ரூமுக்கே வந்து வாசித்துக் கொடுத்தார்கள். நாயனத்துக்கு (நாதஸ்வரம்தான்) ஒரு மைக், தவிலில் வலப்பக்கத் தோலான வலந்தலைக்கு ஒன்று, இடப்பக்கத் தொப்பிக்கு ஒன்று.

நாயனக்காரர் ஆடாமல் அசையாமல் வாசிப்பாரா என்ன? சங்கதி பறக்கும்போது வாத்தியம் மேலே தூக்கும், மைக்கை விட்டு விலகும். அடுத்த மூச்சில் மைக்குக்குள்ளேயே ஊதுவார். பெரிய சத்தத்தைத் தானாக அமுக்குகிற கம்ப்ரஸரைப் போட்டு நசுக்கிப் பார்த்தேன். சத்தம் சமமானது, உசிர் போய்விட்டது. அதனால் ஃபேடரை, அதாவது சத்தத்தை ஏற்றி இறக்குகிற பிடியை, கையாலேயே ஓட்டி அந்த ஓட்டத்தை ரெக்கார்டு பண்ண முடிவு செய்தேன். அதைக் கோடாக எழுதி வைத்து, ப்ளே பண்ணும்போது ஃபேடரைத் தானாக ஓட்டுவதுதான் ஆட்டோமேஷன்.

ரீப்பர் என்கிற ரெக்கார்டிங் சாஃப்ட்வேரில் டச் மோடு வைத்துக்கொண்டேன். ஃபேடரைப் பிடித்திருக்கும் வரைக்கும்தான் எழுதும். விட்டால் பழைய கோட்டுக்குத் திரும்பிவிடும். லாட்ச் அப்படியில்லை, கையை எடுத்தாலும் விட்ட இடத்திலேயே நின்று, நிறுத்துகிற வரைக்கும் எழுதிக்கொண்டே போகும். ரைட் மோடு ரெண்டுக்கும் அண்ணன். தொட வேண்டியதே இல்லை, ப்ளே பண்ணினாலே இருக்கிற கோட்டை அழித்து எழுதும்.

டச்சுக்கு வருவதற்கு முன்னாடி, நான் முதல் தடவை மூணு டிராக்கையும் ரைட்டில் ஓட்டிவிட்டு மோடை மாற்ற மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். மாற்றினேன். நாயனத்துக்கு மட்டும். தவில் ரெண்டு டிராக்கும் ரைட்டிலேயே கிடந்தன. அது தெரியாமல் தவிலுக்கு மவுஸால் ரெண்டு மணி நேரம் கோடு வரைந்தேன். சாப்பிட்டுவிட்டு வந்து, முதலிலிருந்து கேட்போமே என்று கண்ணை மூடிக்கொண்டு 14 நிமிஷமும் கேட்டேன். கண்ணைத் திறந்தால் தவில் கோடு ஒரத்தநாட்டு ரோடு மாதிரி நேரா கிடக்கிறது. அன்டூ கொடுத்திருந்தால் வந்திருக்கும். நான் பழக்கதோஷத்தில் சேவ் கொடுத்தேன், அந்த நேரம் பார்த்து கரண்டும் போனது. திரும்பத் திறந்தால் அன்டூ பட்டியல் காலி.

மன்னார்குடியிலிருந்து:

அண்ணே, எனக்கு வேற பிரச்சினை. ஃபேடரை ஏத்துறேன், ப்ளே பண்ணினதும் அதுவா கீழே ஓடுது. மவுஸ் கெட்டுப்போச்சுன்னு புது மவுஸ் வாங்கிட்டேன். 450 ரூபாய்.

கும்பகோணத்திலிருந்து:

மவுஸ் மேல் பழி போடாதே தம்பி. ரீட் மோடில் கோடு சொன்னபடிதான் ஃபேடர் ஓடும், நீ ஏத்தினது அதுக்குப் பொருட்டே இல்லை. ட்ரிம்/ரீட்டுக்கு மாற்று. அப்போ ஃபேடர் அந்தக் கோட்டுக்கு மேல் மொத்தமாகக் கூட்டிக் குறைக்கிற வேலையைச் செய்யும். கோடு அப்படியே இருக்கும்.

மயிலாடுதுறையிலிருந்து:

நான் ஒரு ஓதுவாரின் தேவாரப் பதிவில் மாட்டிக்கொண்டேன். உச்சத்தில் அவர் குரல் கும்மென்று வரும். அந்த இடத்தில் எல்லாம் டிராக் வால்யூமை 4 டிபி (டெசிபல்) இறக்கிக் கோடு போட்டேன். சத்தம் குறைந்தது, ஆனால் தொண்டையை யாரோ பிடித்த மாதிரியே இருந்தது. டிராக் வால்யூம் வேலை செய்வது குரலில் போட்டிருந்த கம்ப்ரஸரைத் தாண்டிய பிறகு. குரல் அதற்கு முன்னாடியே நசுங்கிவிட்டது. டிராக்கில் கிடக்கிற ஒலித்துண்டைத்தான் ரீப்பரில் ஐட்டம் என்பார்கள். அந்த ஐட்டம் வால்யூமைக் குறைத்தேன், அது கம்ப்ரஸருக்கு முன்னாலேயே குறையும். தொண்டை திறந்துகொண்டது. இப்போதெல்லாம் முரட்டு ஏற்ற இறக்கத்தை ஐட்டத்திலேயே சரிபண்ணிவிட்டுத்தான் ஃபேடர் பக்கம் போகிறேன்.

கும்பகோணத்திலிருந்து:

இது அருமையான விஷயம், நாயனத்துக்கும் அதையே செய்தேன். பாதி வேலை குறைந்தது.

தவில் கோட்டை மறுபடி போட்ட அன்றைக்கு அந்தத் தவில்காரரே பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பழைய மோட்டார் ஃபேடர் பெட்டி ஒன்று இரவல் கிடைத்திருந்தது. "தவில் தனியா வாசிக்கிற தனி வரும்போது மாமா நீங்களே 3 டிபி ஏத்துங்க"ன்னு ஃபேடரை அவர் விரலில் கொடுத்துவிட்டு டீ போடப் போனேன். மனுஷன் கை சும்மா இருக்குமா? திரும்பி வந்து ப்ளே பண்ணினால் ஃபேடர் தானாக மேலும் கீழும் குதிக்கிறது. கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தால் தகிட தகதிமி, ஏழு ஏழாகப் பல்லு பல்லாக நிற்கிறது. "நான் வாசிச்சதை இது திருப்பி வாசிக்குதா தம்பி?" என்று கேட்டுவிட்டு இன்னொரு தடவை ப்ளே பண்ணச் சொன்னார்.

மிக்ஸுக்கு ஆகாது. அழிக்கவும் மனசு வரவில்லை, கோடு இருந்தும் வேலை செய்யாதபடி பைபாஸ் பண்ணி வைத்திருக்கிறேன்.