முல்லைக் குச்சி துளிர்த்தபின் கறுத்துப்போகிறது, என்ன தப்பு?

மொட்டைமாடி:
உசிலம்பட்டியில் அம்மா வீட்டுக் கிணற்றடியில் ஒரு முல்லைக்கொடி நிற்கிறது. நான் பிறப்பதற்கு முன்பே அப்பத்தா வைத்தது. தை பிறந்ததும் வீட்டை இடித்துக் கட்டப்போகிறார்கள். கொடி தப்பாது. அதனால் மூன்று தடவை குச்சி ஒடித்துத் தாம்பரம் கொண்டுவந்து நட்டேன். பத்து நாளில் துளிர்க்கிறது, இருபதாம் நாள் கறுத்துவிடுகிறது. கடைசியாகப் பிடுங்கிப் பார்த்தால் வேரே இல்லை, அடி அழுகியிருந்தது. செம்மண்ணும் சாண எருவும் சரிபாதி, காலை மாலை தண்ணீர். பக்கத்தில் பாட்டிலில் போட்ட மணி பிளான்ட் மட்டும் வேர்விட்டு என்னைக் கேலி செய்கிறது.

கொடிக்கால் வீடு:
துளிரைப் பார்த்து ஏமாந்துவிட்டீர்கள். குச்சி தன்னிடம் இருக்கும் சத்தை வைத்தே துளிர்த்துவிடும். வேர் வருமுன் அது தீர்ந்தால் கருகும். எருவும் இரண்டு வேளைத் தண்ணீரும் சேர்ந்தால் வெட்டுவாய் அழுகாமல் என்ன செய்யும்?

நாங்கள் சோழவந்தான் பக்கம். வெற்றிலைக் கொடியைக் கணுவோடு வெட்டி நடுவது பழக்கம்தான். ஆனால் உங்களிடம் இருப்பது ஒரே கொடி, அதனால் பதியன் போடுங்கள், அதாவது கிளையைத் தாய்க்கொடியிலிருந்து வெட்டாமலே மண்ணில் புதைத்து வேர்விட வையுங்கள். பென்சில் பருமனில் தரைக்கு வளையக்கூடிய முற்றிய கிளையாகப் பாருங்கள். நுனியிலிருந்து ஒரு முழம் தள்ளி, ஒரு கணுவுக்கு அடியில், தண்டின் கீழ்ப்பக்கம் சாய்வாகக் கீறுங்கள். பாதித் தண்டுக்கு மேல் கத்தி போகக் கூடாது. கீறல் மூடிக்கொள்ளாமல் ஒரு ஈர்க்குத் துண்டைச் செருகி, அந்த இடத்தை மூன்று விரல் ஆழத்தில் புதைத்து, மேலே செங்கல் வையுங்கள். நுனி வெளியே நிமிர்ந்து நிற்கட்டும். வேர்விடும் வரை தாய்க்கொடி ஊட்டிக்கொண்டே இருக்கும். இரண்டு மூன்று மாதம் பொறுக்க வேண்டும், இப்போது புரட்டாசி, சரியாக இருக்கும். தரையில் புதைக்காமல் தொட்டியிலேயே புதைத்தால் அப்படியே தூக்கி வரலாம்.

தேன்சிட்டு:
குச்சியை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். நான் ஆற்றுமணலும் தேங்காய் நார்த்தூளும் மட்டும் போட்டு, மூன்று கணு உள்ள குச்சிகளின் அடி இலைகளைக் கிள்ளி, பாலித்தீன் பையால் மூடி நிழலில் வைத்தேன். இருபதில் எட்டு பிடித்தது. தேன் தடவு, கற்றாழை தடவு என்று வீடியோக்களில் சொன்னதையும் செய்து பார்த்தேன், எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. முக்கியமாக, வேர் வந்ததா என்று பிடுங்கிப் பார்க்காதீர்கள்! அந்தக் கை அரிப்பில்தான் என் முதல் தொட்டி போனது.

மொட்டைமாடி:
ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் மூன்று தொட்டியில் பதியன் போட்டுவிட்டேன். தேன்சிட்டு சொன்னபடி பத்துக் குச்சியும் வைத்திருக்கிறேன். தண்ணீர் ஊற்றுவது அம்மா பொறுப்பு. "இதை என்கிட்டக் கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன்ல" என்கிறார். ஒரே சந்தேகம்: செங்கல் கிடைக்கவில்லை என்று ஒரு தொட்டியில் அம்மிக் குழவியை வைத்திருக்கிறார். பரவாயில்லையா?

கொடிக்கால் வீடு:
குழவி உருளும். உருண்டால் கீறின இடத்தில் கிளை முறிந்துவிடும். இரண்டு ஓட்டுத்துண்டை வைக்கச் சொல்லுங்கள். அப்புறம், மார்கழி நடுவில் வெட்டும்போது தாய்ப்பக்கம் ஒரேயடியாக வெட்டாமல், முதலில் பாதி, பத்து நாள் கழித்து மீதி.