எம்பாடிட் கார்பன்: தமிழில் என்ன சொல்வது? (சனிக்கிழமைக்குள் வேண்டும்)

இராமநாதபுரத்திலிருந்து, சிவில் ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். தமிழ்வழியில் சிவில் படிக்கும் மூன்றாமாண்டுப் பிள்ளைகளுக்கு நிலத்தடி நகர ரயில் பற்றிப் பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். சனிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். தோண்டும் முன்பே சுரங்கத்தைக் கணினியில் முழுதாகக் கட்டிப் பார்ப்பது, அந்த மாதிரியை வைத்தே சிமென்ட்டையும் இரும்பையும் குறைப்பது, இவைதான் பாடத்தின் உயிர். மாதிரிக்குள் குழாயும் தூணும் ஒரே இடத்தில் வந்து நிற்பதை எந்திரம் காட்டிக்கொடுக்கிறதே, அந்தக் 'க்ளாஷ்' என்பதற்கு 'முட்டல்' என்று எழுதிவிட்டேன். 'எம்பாடிட் கார்பன்' மட்டும் சொல் கிடைக்காமல் நிற்கிறது.

பொருள் இதுதான். ரயில் ஓட ஆரம்பித்த பிறகு மின்சாரத்துக்காக வெளியேறும் கார்பன் ஒரு கணக்கு. அது ஆபரேஷனல் கார்பன். முதல் ரயில் ஓடும் முன்பே சிமென்ட் சுட்டதில், இரும்பு உருக்கியதில், லாரியில் ஏற்றி வந்ததில், தோண்டியதில் வெளியேறியது இன்னொரு கணக்கு. அதுதான் எம்பாடிட் கார்பன். பின்னாளில் பழுது பார்ப்பதும் இடிப்பதும்கூட இந்த இரண்டாவதில்தான் சேரும். எங்கள் பிள்ளைகள் பாம்பனில் கடல்மேல் போகும் ரயிலைப் பார்த்து வளர்ந்தவர்கள். நிலத்துக்கடியில் ஓடும் ரயிலில் ஏறியவர் வகுப்பில் நாலைந்து பேர்கூட இல்லை. சொல்லாவது கைகொடுக்க வேண்டும்.

தொண்டியிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, 'உள்ளுறை கரிமம்' என்று எழுதுங்கள். அகப்பாட்டில் உள்ளுறை என்பது சொன்ன காட்சிக்குள் சொல்லாத பொருள் தங்கியிருப்பது. கட்டடம் கண்ணுக்குத் தெரிகிறது, கரிமம் தெரிவதில்லை. இதைவிடப் பொருத்தம் வேறு கிடைக்காது.

'சுரங்கம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அது கனிமம் தோண்டும் இடத்துக்கும் ஆகிவிட்டது. 'சுருங்கை' இருக்கிறதே. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் மதுரை அகழியை ஒட்டி யானைக் கூட்டம் போய்வரும் மூடுவழிக்குச் 'சுருங்கை வீதி' என்றே பெயர். கிரேக்கத்தில் குழலைக் குறிக்கும் 'சிரிங்ஸ்' வடமொழியில் சுருங்கா ஆகித் தமிழுக்கு வந்தது என்று சொல்வோர் உண்டு. நான் ஏற்பதில்லை. சுரை என்றால் உள்ளீடற்றது. சுரி என்றால் வளைவு. சுருள், சுருங்கு எல்லாம் ஒரே குடும்பம். கீழக்கரையில் குளித்தெடுத்த சங்குக்கும் சுரிமுகம் என்று பெயர். சங்கின் உள்வழியைப் பார்த்தவன் சுருங்கை என்று சொல்லக் கிரேக்கனிடம் போக வேண்டியதில்லை.

சென்னையிலிருந்து, சுரங்கப் பணிப் பொறியாளர் (ஊர் பாம்பன்):

ஐயா, சுருங்கை அழகாக இருக்கிறது. ஆனால் சைட்டில் நான் அதைச் சொன்னால் சுருங்கிப்போன எதையோ சொல்கிறேன் என்று நினைப்பார்கள். அங்கே செக்மென்ட் (சுரங்கச் சுவரின் கான்கிரீட் துண்டு), ரிங் (துண்டுகள் சேர்ந்த வளையம்), டி.பி.எம். (சுரங்கம் தோண்டும் எந்திரம்) என்றுதான் பேச்சு. சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் கலங்கரை விளக்கத்திலிருந்து புறப்பட்ட எந்திரத்துக்குப் பிளமிங்கோ, அதாவது பூநாரை, என்று பெயர். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் எனக்குத் தனுஷ்கோடி நீர்ப்பரப்புதான் கண்ணில் வரும்.

சொல்லுக்கு வருகிறேன். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உள்விட்டம் 5.8 மீட்டர், வளையத்தின் கனம் 275 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 5.25 கனமீட்டர் கான்கிரீட். மாதிரியில் கனத்தை 250 ஆக்கினால் 4.75. போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு குழாய்களுக்கும் சேர்த்து ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1,000 கனமீட்டர் மிச்சம். கனமீட்டருக்கு 400 கிலோ சிமென்ட் என்றால் 400 டன். முன்பெல்லாம் வரைபடம் முடிந்து, அளவுப் பட்டியல் போட்டு, அதன் பிறகுதான் இந்த எண் தெரியும். அதற்குள் முடிவெல்லாம் எடுத்து முடிந்திருக்கும். இப்போது கனத்தை மாற்றிய கணத்தில் கார்பனும் பக்கத்திலேயே மாறுகிறது. கனத்தைக் குறைக்க மண்ணும் நிலத்தடி நீரும் விடுமா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். விடாவிட்டால் சிமென்ட்டில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, பொடித்த இரும்பாலைக் கசடைச் சேர்த்துப் பார்க்கலாம்.

அதனால்தான் 'உள்ளுறை' எனக்குத் தைக்கிறது. அந்தக் கார்பன் கான்கிரீட்டுக்குள் உறைவதில்லை. ஆலையிலேயே காற்றில் போய்விட்டது. தேர்வில் பையன், "கான்கிரீட்டுக்குள் இருக்கும் கார்பன்" என்று எழுதிவிட்டு வருவான்.

வேதாளையிலிருந்து:

பாம்பன் தம்பி சொல்வதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்கள் தாத்தா சுண்ணாம்புக் காளவாயில் வேலை பார்த்தவர். அந்தக் காலத்தில் கடலிலிருந்து முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) ஏற்றி வந்து சுடுவார்கள். சுட்ட கல் கையில் எடுத்தால் லேசாக இருக்கும். "பாரம் எங்க போச்சு?" என்று சின்ன வயதில் கேட்டேன். "புகையோட போச்சு" என்றார். பிற்பாடு பள்ளியில் படித்தபோதுதான் புரிந்தது: சுத்தமான சுண்ணாம்புக்கல் 100 கிலோ சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு, மீதி 44 கிலோ கரியமில வாயு. சிமென்ட் ஆலையிலும் இதே கதைதான். எரிபொருளை மாற்றினாலும் கல்லுக்குள் இருந்த வாயு போகத்தான் செய்யும்.

முருகைக்கல் எடுத்ததற்கு நாம் கொடுத்த விலை சின்னதல்ல. மன்னார் வளைகுடாவில் 21 தீவு என்று சொல்லிக்கொண்டிருந்தோம். பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் தண்ணீருக்குள் போய்விட்டன. லண்டனில் எலிசபெத் ரயில் தடத்துக்குத் தோண்டிய மண்ணில் 30 லட்சம் டன்னுக்கு மேல் வாலசீ தீவுக்குக் கொண்டுபோய், நிலத்தை உயர்த்திப் பறவைகளுக்கு ஈரநிலம் ஆக்கினார்கள். டீச்சர், அதைப் பாடத்தில் சேருங்கள். எந்தச் சொல் வைத்தாலும் படத்தில் அம்புக்குறி வானத்தைப் பார்த்து இருக்கட்டும்.

கீழக்கரையிலிருந்து:

அஸ்ஸலாமு அலைக்கும். நான் படித்தவனில்லை, கடைக்காரன். ஆனாலும் இதற்குச் சொல் கடைவீதியில் இருக்கிறது. 'அடக்கம்'. சரக்கு வந்தால் வாங்கின விலை, கப்பல் கூலி, சுங்கம், ஏற்றுகூலி, வண்டிக்கூலி எல்லாவற்றையும் கூட்டி, "அடக்கம் என்ன ஆகுது?" என்றுதான் கேட்போம். அந்தக் காசு சரக்குக்குள்ளே இல்லை, கையைவிட்டுப் போய்விட்டது. ஆனாலும் சரக்கின் தலையில் ஏறி நிற்கிறது. தம்பி சொன்ன கார்பனும் அப்படித்தானே? 'அடக்கக் கார்பன்' என்று வையுங்கள்.

இராமநாதபுரத்திலிருந்து, சிவில் ஆசிரியை:

கீழக்கரைக் காக்கா (அண்ணா), இன்று காலையே வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். 'உள்ளுறை'க்கு நான் கால் மணி நேரம் பேச வேண்டியிருந்தது. 'அடக்க விலை மாதிரி' என்றதும் முன்வரிசையில் ஒரு பிள்ளை, "அப்ப லாரி டீசலும் சேரும்ல மிஸ்?" என்று கேட்டாள். எனக்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

சென்னையிலிருந்து, பொறியாளர்:

அக்கா, ஒரு தயக்கம். அடுத்த பாடத்தில் கரியமில வாயுவைப் பிடித்து நிலத்தடிப் பாறைக்குள் செலுத்துவது வருகிறது. நிலத்தடி ரயில் பாடத்தில் 'அடக்கக் கார்பன்' என்று படித்துவிட்டு வருபவன், அதை மண்ணுக்குள் அடக்கிய கார்பன் என்றே எடுத்துக்கொள்வான். நல்லடக்கம் என்ற சொல் வேறு மனதில் இருக்கிறது.

ஆக்கமும் இயக்கமும் என்று இணையாக வைத்தால் என்ன? கட்டி ஆக்குவதில் வெளியேறியது ஆக்கக் கார்பன். ரயிலை இயக்குவதில் வெளியேறுவது இயக்கக் கார்பன். ஒன்றைச் சொன்னால் மற்றது தானாக நினைவுக்கு வரும்.

தேவிபட்டினத்திலிருந்து, தமிழ் ஆய்வு மாணவி:

அண்ணா, 'ஆக்க' என்றால் இடிப்பது வெளியே நின்றுவிடுமே. வினைத்தொகையாக வைத்தால் முக்காலமும் அடங்கும். 'ஆகுகரி': சிமென்ட் சுட்டதில் ஆன கரி, தோண்டும்போது ஆகின்ற கரி, பழுது பார்க்கும்போதும் இடிக்கும்போதும் ஆகும் கரி. ஊறுகாய், சுடுசோறு போல வாயிலும் எளிதாக வரும். கணக்கின் மூன்று கட்டமும் ஒரே சொல்லுக்குள் வந்துவிடும்.

தொண்டியிலிருந்து:

மகளே, இலக்கணம் சுத்தமாக இருக்கிறது. மனம் நிறைந்தது. ஆனால் கரி யானையுமாகும், அடுப்புக்கரியுமாகும். 'இயங்குகரி' என்று எழுதினால் எனக்கு மறுபடியும் அந்தச் சுருங்கை வீதி யானைகள்தான் நடந்து வருகின்றன. கரிமம் என்றால் ஐயமில்லை.

'ஆக்கம்' எனக்குச் சம்மதமில்லை. வள்ளுவத்தில் ஆக்கம் செல்வம், நல்லதன் வளர்ச்சி. காற்றைக் கெடுப்பதற்கு அந்தச் சொல்லைக் கொடுக்கக் கூடாது.

மண்டபத்திலிருந்து:

நான் இலங்கையில், மன்னாரில் படித்தவன். எங்கள் புத்தகத்தில் 'காபன்', டிஜிட்டலுக்கு 'இலக்கமுறை'. இங்கே 'கார்பன்', 'எண்ணிம', ஐயாவிடம் 'கரிமம்'. முன்சொல்லில் இரு கரையும் ஒன்றாக இருந்தால் போதும், பின்சொல் அவரவர் பள்ளிப்படி இருக்கட்டும். எனக்கு ஆக்கமும் சரி, அடக்கமும் சரி. காபன் என்று எழுத மட்டும் விடுங்கள்.

இராமநாதபுரத்திலிருந்து, சிவில் ஆசிரியை:

வெள்ளி இரவு பதினொன்று ஆகிறது. இதுவரை வந்த மடல்களையும் தனியாக எனக்கு எழுதியவர்களையும் சேர்த்து எண்ணினேன். ஆக்கக் கார்பனுக்கு ஏழு பேர். அவர்களில் மூவர், "எதுவாவது ஒன்று வையுங்கள்" என்றவர்கள். அடக்கத்துக்கு நான்கு, ஆகுகரிக்கு இரண்டு, உள்ளுறைக்கு ஐயா ஒருவர். கலைச்சொல்லாக 'ஆக்கக் கார்பன்' என்று போடுகிறேன். விளக்கத்தின் முதல் வரி, "கடையில் அடக்க விலை போடுவதுபோல" என்றுதான் தொடங்கும். இடிப்பதும் சேரும் என்று தனி வரி இருக்கிறது. அம்பு வானத்தைப் பார்த்தே இருக்கிறது. வாலசீயும் நம் இரண்டு தீவுகளும் ஒரே பக்கத்தில் வருகின்றன. ஐயா, சுரங்கம் சுரங்கமாகவே இருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கீழக்கரையிலிருந்து:

விளக்கத்துக்கு அடக்கம் வேண்டும், தலைப்புக்கு வேண்டாமா? பிள்ளைக்கு எது புரிந்ததோ அதுதானே சொல்? சரி, அச்சாகட்டும். அடுத்த பதிப்பில் மறுபடியும் கேட்பேன்.

தொண்டியிலிருந்து:

உடன்பாடின்மையைப் பதிவு செய்கிறேன். சுருங்கை பரிபாடலிலும் வருகிறது, அங்கே அது நீர் பாயும் வழி. அந்த இடத்தைப் பற்றித் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.