மலக்குடல் சத்திரசிகிச்சைக்கு முன் டாக்டரிடம் எதைக் கேட்பது?

உவர்மலையான்:
வயது 44. மலக்குடலில் புற்றுநோய். கதிர்ச்சிகிச்சை முடிந்தது, அடுத்த மாதம் சத்திரசிகிச்சை. வயிற்றில் கொஞ்சக் காலம் மலம் சேரும் பை கட்ட வேண்டியிருக்கும் என்று அரைமணி நேரம் விளக்கினார்கள். பைக்கு நான் பயப்படவில்லை. கிளினிக் வாங்கில் பக்கத்தில் இருந்த பெரியவர்தான் தலையில் கல்லைப் போட்டார்: "இதற்குப் பிறகு சலமும் ஒழுங்காகப் போகாது, மனைவியோடும் ஒன்றும் இல்லை."

உள்ளே போய்க் கேட்க வாயைத் திறந்தேன். ஒரு பக்கம் மனைவி, மறுபக்கம் மூன்று மருத்துவ மாணவிகள். "சாப்பாட்டில் பத்தியம் உண்டா?" என்று கேட்டுவிட்டு எழும்பி வந்துவிட்டேன். பெரியவர் சொன்னது உண்மையா?

கிண்ணியாக்காரன்:
தம்பி, பாதி உண்மை. எனக்கு வெட்டி மூன்று வருடம். நாலாம் நாள் சலக்குழாயை எடுத்தார்கள். பின்னேரத்துக்குள் அடிவயிறு கல்லாகிவிட்டது. தண்ணீரைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தைக் கேட்டபடி கழிவறையில் முக்கால் மணி நேரம் நின்றேன். சுவர் ஓடுகளை எண்ணினேன், ஒரு வரிசைக்குப் பதினொன்று. ஒரு சொட்டும் வரவில்லை. ஸ்கேனில் பார்த்தால் 700 மில்லிலீற்றர் தேங்கி நிற்கிறது. மறுபடியும் குழாய், இரண்டு வாரம். அதன்பிறகு தானாகவே போகத் தொடங்கியது.

மற்றது எட்டு மாதம் அசையவில்லை. திருகோணமலைக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளிக்கச் சொன்னார்கள். ஏழு கிணற்றிலும் அள்ளி ஊற்றினேன், வியர்த்ததுதான் மிச்சம். ஒரு வருடம் கழித்து, டாக்டர் தந்த மாத்திரையோடு திரும்பி வந்தது. விந்து மட்டும் வெளியே வருவதில்லை. இதையெல்லாம் முன்கூட்டியே ஒருவரும் சொல்லவில்லையே என்ற கோபம் இன்னும் இருக்கிறது. நானும் பத்தியம்தான் கேட்டேன் என்பது வேறு கதை.

தியேட்டர் தாதி:
அண்ணா, நான் பதினாறு வருடமாகச் சத்திரசிகிச்சைக்கூடத்தில் ஆண் தாதி. மலக்குடலைச் சுற்றி ஒரு கொழுப்பு உறை இருக்கிறது. மரவள்ளிக்கிழங்குத் தோலுக்கு அடியில் கத்தி நுனியைக் கொடுத்தால் பட்டையாகக் கழன்று வருமே, அப்படி அந்த உறைக்கும் இடுப்புச் சுவருக்கும் இடையே ஒரு படை உண்டு. அதை விட்டு விலகாமல் போனால் கட்டி உறையோடு முழுதாக வரும், நரம்புகள் சுவர்ப்பக்கம் தங்கிவிடும். 1982இல் இங்கிலாந்தின் ஹீல்ட் என்ற நிபுணர் விளக்கிய முறை இது.

மேலிருந்து இறங்கும் நரம்புகள் கெட்டால் விந்து வராது, அல்லது பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும். முதுகெலும்பின் அடியில் உள்ள திருவெலும்பின் 2, 3, 4ஆம் துளைகளிலிருந்து வருபவை கெட்டால் விறைப்பும் போகும், சலப்பை சுருங்குவதும் போகும். அதனால் இரண்டையும் சேர்த்தே கேளுங்கள். முன்பக்கம், சலப்பைக்கு அடியில் உள்ள புரஸ்தசுரப்பியை ஒட்டிய இடம்தான் ஆபத்தானது. கட்டி எந்தப் பக்கம் என்று எம்.ஆர்.ஐ. காட்டும். கட்டி நரம்பைத் தொட்டிருந்தால் நரம்பை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும், உயிர் முந்தியது. கதிர்ச்சிகிச்சைக்கும் இதில் பங்கு உண்டு. இப்போது உங்கள் நிலைமை எப்படி என்பதைக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள், பிறகு ஒப்பிடலாம். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை பாவிப்பவர் என்றால், கிண்ணியா நானா சொன்ன மாத்திரையைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

உவர்மலையான்:
இன்று போனேன். கேள்விகளைக் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி, திறந்து மேசையில் வைத்தேன். டாக்டர் வாசித்தார், மாணவிகளை வெளியே அனுப்பினார், அதே பக்கத்தில் படம் வரைந்தார். கட்டி பின்பக்கச் சுவரில். நரம்புகளைப் பார்த்துப் பார்த்துத்தான் வெட்டுவேன், ஆனால் உத்தரவாதம் தர மாட்டேன் என்றார். மனைவி என்னைவிட இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்டாள்.

நானா, குழாயை எடுக்கும் நாளில் எழுதுகிறேன். எங்கள் வாட்டிலும் வரிசைக்குப் பதினொன்றுதானா என்று பார்க்க வேண்டும்.